சயாம் அரிசிச் சோறு

சென்னைக்குப் போயும் தாய்லாந்துச் சாப்பாடா என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் அதைத்தான் கேட்டார்.

நியாயமான கேள்விதான். கிள்ளானில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் மூன்று தொம்யாம் கடைகள் இருக்கின்றன. பிளாஸ்டிக் நாற்காலி, தலைக்கு மேல் ஓடும் மின்விசிறி, கிண்ணத்தில் ஆவி பறக்கும் தொம்யாம். வேலை முடிந்து வீடு திரும்பும்போது சமைக்க அலுப்பாக இருந்தால் அங்கேதான் பசியாறுவோம். நீண்ட விடுமுறை கிடைத்தால் ஹாட்யாய் வரைக்கும் ஓர் ஓட்டம். நமக்குத் தாய்லாந்துச் சாப்பாடு என்பது பக்கத்து வீட்டுச் சாப்பாடு மாதிரி. அதைத் தேடி வங்காள விரிகுடாவைத் தாண்டிப் போக வேண்டுமா?

ஆனால் அழைத்தது மாமா மகள். அவளுக்குத் தகவல் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்து முதல் மாதச் சம்பளம் வந்திருந்தது. கடந்த செப்டம்பர் பள்ளி விடுமுறையில் தீபாவளித் துணி எடுக்க நாங்கள் குடும்பத்தோடு போயிருந்தோம். தியாகராய நகரில் மூன்று நாள் அலைந்து கால் வீங்கிப் போயிருந்த நேரம். "மலேசியாவிலிருந்து வந்திருக்கீங்க. உங்களுக்குப் பழக்கமான சாப்பாடாவே இருக்கட்டும்" என்று அவள் ஆழ்வார்ப்பேட்டைப் பக்கம் ஒரு தாய் உணவகத்தில் மேசைக்குச் சொல்லி வைத்துவிட்டாள். முதல் சம்பளத்தில் பிள்ளை ஆசையோடு செய்வதை வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

மொத்தம் ஆறு பேர் என்று கணக்கு. நான், மனைவி, பத்து வயது மகள், மாமா, அத்தை, மாமா மகள். பாட்டி கணக்கில் இல்லை.

பாட்டி என்றால் என் தாத்தாவின் கடைசித் தங்கை. எனக்கு அத்தைப் பாட்டி. வயது 84. பேராக்கில், சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். கணவரிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, மற்ற பல குடும்பங்களைப் போல அவர்களும் 1970இல் கப்பலேறிச் சென்னைக்குப் போய்விட்டார்கள். பெரம்பூரில் குடியேறி ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆகியும், வீட்டுக்கு யார் வந்தாலும் இன்றைக்கும் "பசியாறிட்டீங்களா?" என்றுதான் கேட்பார். அந்தத் தெருவில் அப்படிக் கேட்பவர் அவர் ஒருவர்தான்.

"அம்மாவுக்கு வீட்டிலேயே தயிர்ச்சாதம் வெச்சிட்டுப் போயிடலாம். அவங்களுக்கு இதெல்லாம் ஒத்துக்காது" என்றார் மாமா. பாட்டியும் தலையாட்டினார். என் மகள்தான் சும்மா இருக்காமல், "நாங்க தாய் ஃபூட் சாப்பிடப் போறோம் பாட்டி" என்றாள்.

"தாயா? அப்படின்னா?"

"சயாம் நாட்டுச் சாப்பாடும்மா" என்று விளக்கினார் மாமா.

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எழுந்து, "அந்த நீலச் சேலையை எடுத்துக் குடு. நானும் வர்றேன்" என்றார்.

எங்களுக்கு ஆச்சரியம். இரவில் வெளியில் சாப்பிட்டு அவருக்குப் பல ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகளோடு இருக்க ஆசைப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டோம். காரணத்தை யாரும் கேட்கவில்லை.

துணி நாப்கினும் விலைப் பட்டியலும்

உள்ளே நுழைந்ததும் எலுமிச்சைப் புல்லின் வாசம். நாம் செராய் என்கிறோமே, அதேதான். மங்கலான மஞ்சள் விளக்கு, மேசைக்கு மேசை ஒரு ஆர்க்கிட் பூ, தாமரை மொட்டுபோல மடித்து வைத்த துணி நாப்கின். சுவர் அலமாரியில் பல வண்ணச் சித்திர வேலைப்பாடு கொண்ட பீங்கான் கிண்ணங்கள். பெஞ்சரோங் என்பது அந்தப் பீங்கானின் பெயர். பஞ்ச, ரங்க என்ற வடசொற்கள் தாய் மொழிக்குப் போய் அப்படி ஆகியிருக்கின்றன. ஐந்து வண்ணம் என்று பொருள். ஒரு காலத்தில் சயாம் அரண்மனைக்காகவே செய்யப்பட்டவை.

நம் ஊரில் சாலையோரத்தில் கிடைக்கும் சாப்பாடு, அங்கே திருமண நாளுக்கும் முதல் சம்பளத்துக்கும் போகிற சாப்பாடு. பச்சைக் கறி ஒரு கிண்ணம் 600 ரூபாய்க்கு மேல். மனைவி மனக்கணக்குப் போட்டு, "முப்பது வெள்ளியா!" என்று என் காதில் சொன்னார். அங்குள்ளவர்களுக்கு அது இன்னும் பெரிய தொகை என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

சென்னைக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. பட்டியலில் உள்ள விலைக்கு மேல் ஜி.எஸ்.டி. வரி உண்டு. தனி உணவகம் என்றால் 5 விழுக்காடு. அறை வாடகை நாளொன்றுக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் பெரிய விடுதிகளுக்குள் இருக்கும் உணவகம் என்றால் 18 விழுக்காடு. சில இடங்களில் சேவைக் கட்டணம் என்று தனியாக ஒரு வரி இருக்கும். அதை வாடிக்கையாளர் மீது கட்டாயமாகச் சுமத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் சொன்னது. 2025 மார்ச்சில் டில்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. சேவை பிடித்திருந்தால் கொடுங்கள். இல்லையென்றால் எடுத்துவிடச் சொல்லலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

புரட்டாசியில் மீன் சாறு

உட்கார்ந்த பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்கியது. அன்று புரட்டாசி முதல் சனிக்கிழமை. இரு குடும்பமும் மாதம் முழுக்க சைவம். தாய்ச் சமையலுக்கோ உப்பே மீனிலிருந்துதான். நாம் பிளா என்ற மீன் சாறு இல்லாமல் அங்கே அடுப்பு எரியாது. கறி விழுதுகளில் கபி இருக்கும். அது நம் பெலாச்சானின் தம்பி. தொம்யாமில் கலக்கும் வறுத்த மிளகாய் விழுதில் பெரும்பாலும் காய்ந்த இறால் இருக்கும். கண்ணுக்குத் தெரியும் இறாலை எடுத்துவிட்டால் மட்டும் ஒரு கிண்ணம் சைவமாகிவிடாது.

பட்டியலில் பச்சைப் புள்ளி போட்ட உணவுகள் நிறைய இருந்தன. இருந்தாலும் பரிமாற வந்த இளைஞரிடம் கேட்டேன். மணிப்பூர்க்காரர். நான்கு ஆண்டு சென்னை வாழ்க்கையில் கற்ற தமிழை நிதானமாகப் பேசினார். முதலில் "எல்லாம் வெஜ் சார்" என்றார்.

"காய்கறி வெஜ், சரி. கறி விழுது?"

அவர் ஒரு கணம் யோசித்தார். "இருங்க சார், கிச்சன்ல கேட்டுட்டு வர்றேன்" என்று போனார். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தார். பச்சை விழுதும் சிவப்பு விழுதும் அங்கேயே அரைப்பவை, கபி சேர்ப்பதில்லை. மஸ்ஸமன் விழுது மட்டும் பொட்டலத்தில் வருவது, அதில் இறால் விழுது உண்டு. "அது வேண்டாம் சார். தொம்யாமும் அந்த மிளகாய் விழுது போடாம தெளிவா செஞ்சு தர்றோம். மீன் சாறுக்குப் பதில் சோயா சாறு."

எனக்கு அவரை அந்த இடத்திலேயே பிடித்துப்போயிற்று. உயர்தர உணவகம் என்பதற்குத் துணி நாப்கின் அடையாளம் இல்லை. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, உள்ளே போய்க் கேட்டு வந்து, விற்கக்கூடிய ஒன்றை விற்க வேண்டாம் என்று சொல்வதுதான் அடையாளம்.

சைவம் தாய்லாந்துக்கு அந்நியமானது என்றும் நினைக்க வேண்டாம். சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது நாள் அங்கே சைவத் திருவிழா நடக்கும். பெரும்பாலும் நம் புரட்டாசி, நவராத்திரியை ஒட்டியே வரும். அம்பாங்கிலும் பட்டர்வொர்த்திலும் சீனர்கள் வெள்ளை உடை உடுத்திக் கொண்டாடுகிறார்களே, அதே ஒன்பது பேரரசர் திருவிழாதான். பூக்கெட்டில் அது மிகப் பெரிய விழா. அந்த நாள்களில் தாய்லாந்துக் கடைகளில் சிவப்பு எழுத்துப் போட்ட மஞ்சள் கொடி பறக்கும். 'ஜே' என்று சொன்னால் போதும், மீன் சாறு மட்டுமல்ல, பூண்டு, வெங்காயம்கூடச் சேர்க்க மாட்டார்கள். அடுத்த முறை ஹாட்யாய் போகும் சைவர்கள் இந்த ஓரெழுத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

துளசியை வதக்குவார்களா?

முதலில் வந்தது மியெங் கம். தாய்லாந்தில் இதற்குப் பயன்படுத்துவது நாம் காடோக் என்று சொல்லும் இலை. வெற்றிலைக்கு உறவுச் செடி. இங்கே கொழுந்து வெற்றிலையே வைத்திருந்தார்கள். வறுத்த தேங்காய்ப்பூ, பொடியாக அரிந்த இஞ்சி, சின்ன வெங்காயம், தோலோடு நறுக்கிய எலுமிச்சை, வேர்க்கடலை, பச்சை மிளகாய். எல்லாவற்றையும் இலையில் வைத்து, பனைவெல்லப் பாகு ஒரு சொட்டு விட்டு, மடித்து வாய்க்குள் போட வேண்டும். காய்ந்த இறால் மட்டும் விலக்கு. "வெத்தலைக்குள்ள கொழம்பே வெச்சிட்டான்" என்றார் பாட்டி. இரண்டு சாப்பிட்டார்.

பிறகு பச்சைக் கறி. அந்தப் பச்சை, பச்சை மிளகாயிலிருந்து வருவது. தேங்காய்ப்பால் அதன் காரத்தை மறைத்துக் கொண்டு வரும், தொண்டைக்குப் போனபின் காட்டிக்கொடுக்கும். மேலே தூவியிருந்த இலையை அத்தை எடுத்து முகர்ந்தார். "இது திருநீற்றுப்பச்சிலை வாசமால்ல இருக்கு?" சரியாகச் சொன்னார். தாய்லாந்துக்காரர்கள் கறியில் போடும் இனிப்புத் துளசி, நம் திருநீற்றுப்பச்சிலையின் இனமேதான். அடுத்து வந்த 'பாட் கப்ராவ்' என்ற வதக்கலில் போடுவது சாட்சாத் துளசி. மாடத்தில் வைத்துக் கும்பிடுகிற செடி. இறைச்சிக்குப் பதில் தோஃபு போட்டிருந்தார்கள். "துளசியை எண்ணெயில வதக்குறாங்களா!" என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, "பெருமாள் கோவிச்சுக்க மாட்டார்" என்று இன்னொரு கரண்டி எடுத்துக்கொண்டார்.

இப்படிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். இளைஞர் வந்து சோறு எது வேண்டும் என்று கேட்டார். மல்லிகை அரிசிச் சோறா, வறுத்த சோறா?

நான் வறுத்த சோறு என்றேன். எங்கள் வீட்டில் வாசனை அரிசி வாங்கும் பழக்கம் இல்லை. தாத்தா காலத்திலிருந்தே அப்படித்தான். அந்த வாசம் தலைவலி தரும் என்பார் தாத்தா. அப்பாவும் அதையே பின்பற்றினார். நானும் கேள்வி கேட்டதில்லை.

பாட்டி இளைஞரை நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, அந்த அரிசி எங்கேயிருந்து வருது?"

"தாய்லாந்துல இருந்து பாட்டி. ஒரிஜினல்."

"அதுல ஒரு கிண்ணம் எனக்குக் கொண்டா. வெறும் சோறு. கொழம்பு வேண்டாம்."

ஒரு கிண்ணம் வெள்ளைச் சோறு

சோறு வந்தது. பாட்டி கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டுக் கையைக் கழுவி வந்தார். ஆனால் சாப்பிடவில்லை. கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் மகள்தான் கேட்டாள். "பாட்டி, சயாம்னா தாய்லாந்தா?"

"ஆமாடா கண்ணு. இப்பத்தான் தாய்லாந்து. எங்களுக்குச் சயாம்தான்."

பெயர் அதிகாரபூர்வமாக மாறியது 1939இல். ஆனால் ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்து மக்கள் வாயில் அது சயாமாகவே இருந்தது. அந்தச் சொல்லுக்கு அப்போது ஒரே அர்த்தம்தான்.

"எங்கப்பாவை சயாமுக்குக் கொண்டுபோனப்போ எனக்கு ரெண்டு வயசு. உங்க தாத்தாவுக்கு ஏழு" என்று பாட்டி என் பக்கம் திரும்பினார். "தோட்டத்துல பேர் படிச்சாங்களாம். மூணு மாச வேலை, திரும்பக் கொண்டாந்து விட்டுடுவோம்னு சொன்னாங்களாம். ஒரு கம்பளியும் ஒரு மங்குத் தட்டும் எடுத்துக்கிட்டு லாரில ஏறினாராம். அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்ச அப்பா."

சயாம் மரண ரயில் பற்றி நம்மில் பலருக்குத் தெரியும். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் தண்டவாளங்களை இணைத்துவிட்டார்கள். ஏறக்குறைய 12,000 போர்க் கைதிகள் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்களின் சாவு அதைப்போலப் பல மடங்கு. மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். பசி, மலேரியா, காலரா. காஞ்சனாபுரியில் ஆங்கிலேய, ஆஸ்திரேலிய, டச்சுக் கைதிகளுக்கு வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம்மவர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த வரிசை எதுவும் இல்லை.

இதையெல்லாம் நான் படித்திருக்கிறேன். எங்கள் கொள்ளுத் தாத்தா 'சயாமில் போனவர்' என்றும் தெரியும். அதற்கு மேல் ஒரு வரிகூடத் தெரியாது. தாத்தா அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

"சண்டை முடிஞ்சு, போனவங்கள்ல ஒருத்தர் திரும்பி வந்தார். காலெல்லாம் புண்ணு. எங்கம்மா அவர்கிட்ட ஓடிப்போய்க் கேட்டா. அவருக்கும் தெரியல. வேற வேற கேம்ப்பாம். சோறுதான் பெரிய கஷ்டம்னு சொன்னாராம். ஒரு கை சோறு, அதுவும் புளிச்சுப்போனது. அதைக் கேட்டதுல இருந்து எங்கம்மாவுக்கு அந்த நினைப்பேதான். புருஷன் செத்தது கூட இல்ல, பசியோட செத்தார்ங்கிறது.

"அப்புறம் கடையில சயாம் அரிசி வர ஆரம்பிச்சுது. வெள்ளையா, வாசமா. லயத்துல எல்லா வீட்டுலயும் அதுதான் வேகும். எங்கம்மா மட்டும் வாங்க மாட்டா. கடைக்காரர் கடனுக்குத் தர்றேன்னாலும் வேண்டாம்பா. கெடா அரிசி கிடைச்சா வாங்குவா, இல்லேன்னா மரவள்ளிக் கிழங்கு. 'அந்த மண்ணுல வெளைஞ்சது என் ஒலையில ஏறக்கூடாது'ன்னுவா. சாகுற வரைக்கும் ஏறல. அவ போனப்புறம் உங்க தாத்தாவும் வாங்கல, நானும் வாங்கல. இங்க வந்தப்புறம் பொன்னி அரிசிதான், அந்தப் பேச்சே இல்ல."

தாத்தாவின் தலைவலி எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பாட்டி சோற்றில் கை வைத்தார். ஒரு சின்ன உருண்டை பிடித்து வாயில் போட்டுக்கொண்டார். மெதுவாக மென்றார். மேசையில் யாரும் பேசவில்லை. மாமா தண்ணீர்க் குவளையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்கும் இது புதிய செய்தி என்று பிறகு சொன்னார். அறுபது வயது வரை அவர் அம்மா அவரிடம் சொல்லாத செய்தி.

இரண்டாவது உருண்டை. மூன்றாவது.

"நல்ல அரிசிதான்" என்றார் பாட்டி. "அரிசி என்ன பாவம் பண்ணுச்சு."

அந்தக் கிண்ணத்தைக் கடைசிப் பருக்கை வரை காலி செய்தார். இளைஞருக்கு எங்கள் பேச்சு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. கேட்காமலே இன்னொரு கிண்ணம் சூடான சோறு கொண்டுவந்து பாட்டியின் முன் வைத்தார். நான் என் வறுத்த சோற்றை நகர்த்திவிட்டு அதில் பாதியை எடுத்துக்கொண்டேன். எனக்குத் தலை வலிக்கவில்லை.

மாம்பழமும் ஒட்டரிசியும் கேட்டோம். மாம்பழப் பருவம் முடிந்துவிட்டது, இப்போது டப்பாப் பழம்தான், சுவைக்காது என்று இளைஞர் மறுபடியும் உண்மையைச் சொன்னார். பதிலாக வந்தது தப் திம் குரோப், நம் ஊரில் 'ரெட் ரூபி' என்கிறோமே அது. சிவப்புச் சாயம் ஏற்றி மாவில் புரட்டிய நீர்க்கிழங்குத் துண்டுகள், பனிக்கட்டி மிதக்கும் தேங்காய்ப்பாலில். மகள் பாட்டிக்கு ஊட்டிவிட்டாள். பில் வரியோடு சேர்த்து 6,700 ரூபாய் ஆயிற்று, ஏறக்குறைய 320 வெள்ளி. நான் கையை நீட்டினேன். மாமா மகள் விடவில்லை. அந்த இளைஞருக்கு மட்டும் நான் தனியாகக் கொடுத்தேன்.

மறுநாள்

காரில் வரும்போது பாட்டி மாமாவிடம், "நாளைக்கு மகாளய அமாவாசை" என்றார்.

"தெரியும்மா."

இறந்த திதி தெரியாதவர்களுக்கும் சேர்த்துத் திதி கொடுக்கும் நாள் அது. பாட்டியின் அப்பாவுக்கு இத்தனை ஆண்டுகளாக அந்த நாள்தான். ஒவ்வோர் ஆண்டும் படையல் போட்டிருக்கிறார்கள். யாருக்கு என்று மாமாவுக்குத் தெரியும். அவர் எப்படிப் போனார் என்பது மட்டும் தெரியாது.

"போற வழியில கடை தெறந்திருந்தா அந்த அரிசி ஒரு பாக்கெட் வாங்கு" என்றார் பாட்டி. "நாளைக்கு அதையே வடிக்கச் சொல்லு."

அத்தை தயங்கினார். "அத்தே, அந்த அரிசியா? அதுவும் அவருக்கா?"

"அங்க அவருக்கு வயிறு நெறைய கெடைச்சிருக்காது. இங்கயாவது போடுவோம்."

ஒரு பேரங்காடி திறந்திருந்தது. ஒரு கிலோ பொட்டலம் கிடைத்தது.

மறுநாள் காலை பெரம்பூர் வீட்டில் சயாம் அரிசி முதல் முறையாக உலையில் ஏறியது. வீடு முழுக்க அந்த வாசம். இலை போட்டு, வாழைக்காய், பூசணிக்காய், வடை, பாயசம் எல்லாம் வைத்து, நடுவில் வெள்ளைச் சோற்றைக் குவித்தார்கள். மாமா எள்ளும் தண்ணீரும் விட்டார். பெயரைச் சொல்ல வேண்டிய இடம் வந்தபோது பாட்டி தன் அப்பாவின் பெயரைச் சத்தமாகச் சொன்னார். என் மகள் அதை எழுத்துக்கூட்டிக் கேட்டுத் தன் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள். முப்பத்தைந்து வயதில் நானும் அந்தப் பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

அன்று இரவு விமானம் ஏறினோம். காஞ்சனாபுரியில் நம் தொழிலாளர்களை நினைத்து ஒரு நடுகல் எழுப்பப்பட்டிருக்கிறது. அடுத்த விடுமுறையில் ஹாட்யாயோடு நின்றுவிடாமல் அங்கே வரைக்கும் போவதாக முடிவு செய்திருக்கிறோம். மகள் அந்த நோட்டை எடுத்து வருவாளாம்.

சென்னையில் தாய்ச் சாப்பாடு எப்படி என்று கேட்டால், நன்றாக இருந்தது என்பேன். நம் நாக்குக்குக் காரம் கொஞ்சம் குறைவு, விலை கொஞ்சம் அதிகம், கேட்டால் உண்மையைச் சொல்கிறார்கள். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. வெளியே சாப்பிடப் போகும்போது, "அவங்களுக்கு ஒத்துக்காது" என்று நாமே முடிவு செய்து பெரியவர்களைத் தயிர்ச்சாதத்தோடு வீட்டில் விட்டுவிட்டுப் போகிறோம். அன்று பாட்டியை விட்டுவிட்டுப் போயிருந்தால் நாங்கள் நன்றாகச் சாப்பிட்டிருப்போம். எங்கள் கொள்ளுத் தாத்தாவின் பெயர் மட்டும் எங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும்.

போன வாரம் கிள்ளானில் அரிசி வாங்கப் போனேன். கடைக்காரர் வழக்கமான உள்ளூர் அரிசி மூட்டையை எடுத்து வைத்தார். அதற்குப் பக்கத்தில் இருந்ததைக் காட்டி, அதைக் கொடுங்கள் என்றேன்.